நூலளவு சட்டை

ஆய்வுக்கூடத்தின் கேமரா சோதிக்கும் அறைக்குள் நுழைந்தால், இடது பக்கச் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் குண்டூசி குத்திப் பரப்பிய பழைய சட்டை ஒன்று இருக்கும். உடம்புப் பகுதியில் மெல்லிய நெடுக்குக் கோடுகள். தோளிலும் கைகளிலும் அதே கோடுகள் குறுக்காக. புதிதாக எந்தக் கேமரா வந்தாலும் முதலில் அதன் முன்னால்தான் நிறுத்திப் பார்ப்பார்கள். 'நூலளவு சட்டை' என்று அதற்குப் பெயர். தன் கட்சி தோற்றுப்போகும் என்று தெரிந்தும் நியாயமாகச் சோதனை வைத்த ஒரு மனிதர் தைக்கச் சொன்ன சட்டை என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கதை சொல்வார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. அதில் உண்மை என்று பார்த்தால் அந்தச் சட்டை ஒன்றுதான்.

நூலளவு என்பது அந்த மனிதருக்குப் பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். ஒரு இரும்புச் சட்டம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடிவிட்டது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பியவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பதினாறு வயதில் ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் பற்றவைக்கும் கோலைப் பிடித்தவர். பகலில் வேலை, சாயங்காலம் வகுப்பு என்று ஏழு வருஷம் அல்லாடிப் பட்டம் வாங்கினார். அவருக்காக ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. இந்த ஆய்வுக்கூடத்தில் தொலைக்காட்சிப் பிரிவு என்று ஒன்று ஆரம்பித்தபோது அதில் முதல் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் அவர்தான். இதையெல்லாம் யாரும் கேட்காமலே சொல்வார். மூன்றாவது முறை கேட்கிறவர்கள் வேலை இருப்பது போல எழுந்து போய்விடுவார்கள்.

அந்தப் பிரிவுக்கு அவரே கொண்டுவந்து சேர்த்த ஆள்தான் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. சேர்ந்த முதல் வாரம் அக்கா சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலில் நின்று "தம்பி!" என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து கூடம் முழுக்க அவனுக்குத் தம்பி என்றே பெயர் ஆகிவிட்டது. டைப் அடிக்கிற அம்மாவுக்குத் தம்பி, காவலாளிக்குத் தம்பி, கடைசியில் டைரக்டருக்கே தம்பி. நூலளவை மட்டும் எல்லாரும் சார் என்றார்கள். மரியாதைதான். ஆனால் தேநீர் கொண்டுவருகிறவர் முதல் கோப்பையைத் தம்பி மேஜையில் வைத்துவிட்டு இரண்டாவதைத்தான் சாருக்குக் கொண்டுவந்தார். நூலளவு இதை ஒருநாள், இரண்டு நாள் அல்ல, பதினோரு நாள் குறித்துவைத்துப் பார்த்தார். பதினோரு நாளும் அப்படித்தான்.

அவர்கள் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். நாட்டுக்கு முதன்முதலாகத் தொலைக்காட்சி வரப்போகிறது. அந்தப் படத்தில் எத்தனை கோடு இருக்க வேண்டும் என்று இந்தக் கூடம் சொல்ல வேண்டும். திரையில் நாம் பார்க்கும் படம் மேலிருந்து கீழாக அடுக்கிய கோடுகள்தானே. அரசாங்கம் ஒதுக்கிய அலைவரிசையின் அகலம் நாலு மெகாஹெர்ட்ஸ், அதற்கு மேல் இம்மியும் கிடையாது. கோடுகளைக் கூட்டினால் மேலிருந்து கீழே விவரம் கூடும். ஆனால் ஒவ்வொரு கோட்டையும் வரையக் கிடைக்கும் நேரம் குறைந்து, இடமிருந்து வலமாகப் படம் மழுங்கும். கோடுகளைக் குறைத்தால் பக்கவாட்டில் கூர்மை வரும், மேலும் கீழும் கெட்டுப்போகும். அளவாகக் கொடுத்த துணியில் கையை நீளமாக வெட்டினால் உடம்பு குட்டையாகும், அவ்வளவுதான் சமாசாரம்.

நூலளவு கணக்குப் போட்டார். நானூற்று ஐம்பத்தைந்து கோடு. அப்படி வைத்தால் நெடுக்கும் குறுக்கும் சரிசமம் என்று நாற்பது பக்கம் எழுதி, கூடத்து நூலகத்திலும் ஒரு பிரதி வைத்தார். பிரிவின் தலைவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிற நேரம் அது. யாருடைய எண்ணிக்கையை அரசாங்கம் அனுப்பும் குழு ஏற்றுக்கொள்கிறதோ அவருக்குத்தான் அந்த நாற்காலி என்று டைரக்டர் வாய்விட்டே சொல்லியிருந்தார். ரேடியோக் கடையிலிருந்து அந்த நாற்காலிவரை வர நூலளவுக்கு இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான்.

"அத்தான், தப்பா நினைச்சுக்காதீங்க. கோட்டை எண்ணினா மட்டும் போதாது. படத்துல இருக்கிற மெல்லிசான விஷயம் ரெண்டு கோட்டுக்கு நடுவுல விழுந்துட்டா? அது காணாமத்தானே போகும்? பத்து கோடு போட்டா ஏழு கோட்டுக்குத்தான் கண்ணுக்குப் பலன் வருது. நான் உக்கார வச்சுப் பாத்துட்டேன்."

"யாரை உக்கார வச்சே?"

"எல்லாரையும்தான். டிரைவர் அண்ணன், டைப் அடிக்கிற அம்மா, தோட்டக்காரர், காவலாளி, மொத்தம் முப்பத்தாறு பேர்."

"ஓஹோ! தோட்டக்காரர் சொல்லி நான் கணக்குப் போடணுமா?"

தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்புதான் நூலளவுக்கு ஆகவே ஆகாது. திட்டினால்கூடச் சிரிக்கிறவனை என்ன செய்வது? பத்துக்கு ஏழு என்று வைத்துப் போட்டால் நெடுக்கையும் குறுக்கையும் சமமாக்க ஐந்நூற்று முப்பத்தொன்பது கோடு வேண்டும் என்று அவன் ஒரே ஒரு பக்கம் எழுதி டைரக்டரிடம் கொடுத்தான். நாற்பது பக்கத்துக்கு எதிரே ஒரு பக்கம்! டைரக்டர் அதை நின்றுகொண்டே படித்து முடித்து, அவன் தோளைத் தட்டினார். நூலளவின் நாற்பது பக்கம் அவர் மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்க உதவிக்கொண்டிருந்தது.

வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது. அந்த வாரம் அவர் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. வீட்டுக்குப் போனால் அங்கேயும் அவன்தான். தம்பி தனிக்கட்டை என்பதால் சாயங்காலச் சாப்பாடு அக்கா வீட்டில். நூலளவின் மனைவி வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு அந்தத் தெருவுக்கே தைத்துக் கொடுக்கிறவள். கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்பைக் கழற்றாமலே பரிமாறுவாள். மீனில் நடுத்துண்டு தம்பிக்குப் போகும். "இளைச்சுப் போயிட்டான்ங்க" என்பாள். இளைத்தது யார் என்று அந்த வீட்டில் பார்க்க ஆள் இல்லை.

ஒருநாள் அவளே கேட்டாள். "அப்படி என்னதான்டா ரெண்டு பேருக்கும் சண்டை? எனக்குப் புரியற மாதிரி சொல்லு பாப்போம்."

தம்பி மிஷின் பக்கத்தில் கிடந்த கோடு போட்ட துணியை எடுத்தான். "இதோ பாருக்கா. இந்தக் கோட்டை நிமித்திப் பிடிச்சா டிவியில அத்தானோட படம் நல்லா இருக்கும். படுக்க வச்சா என்னோடது நல்லா இருக்கும்."

"அப்ப பாதி நிமித்தி பாதி படுக்க வைக்க வேண்டியதுதானே?"

"அதுதான்க்கா கேள்வியே! ரெண்டையும் யாரு தாங்குறாங்கன்னுதான் பாக்கணும்."

"அடேங்கப்பா, இதுக்கா ரெண்டு பேருக்கும் சம்பளம்?" என்று அவள் சிரிக்க, தம்பியும் சிரிக்க, நூலளவு தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். தன் வீட்டில் தன் மனைவியோடு உட்கார்ந்து தன் சோற்றைத் தின்றுகொண்டு தன்னைப் பற்றியே சிரிக்கிறான் என்று மனசு கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். காலையிலேயே சாவி வாங்கிக்கொண்டு போய், தம்பி செய்ததையே தானும் செய்து பார்த்தார். அவனுடைய கணக்கில் ஓட்டை கண்டுபிடித்து, திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் மூக்கை உடைக்க வேண்டும் என்றுதான் போனார். குறுக்குக் கோடு வரைந்த அட்டையை நானூற்று ஐம்பத்தைந்து கோட்டுக் கேமராவின் முன்னால் வைத்து, கோடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாக்கிக்கொண்டே வந்தார். திரையில் தெரியாமல் போகும் கோடுகளைக் கழித்தாலும், அவர் கணக்குப்படி அட்டையில் நானூறு கோடு வரைக்கும் தெளிவாக இருக்க வேண்டும். முந்நூறு நெருங்கும்போதே கோடுகள் நெளிய ஆரம்பித்துவிட்டன. திரையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அட்டையை மாற்றினார், விளக்கை மாற்றினார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பத்துக்கு ஏழுதான்.

சரியாக ஏழு! அதுதான் இன்னும் எரிந்தது. எட்டு என்றோ ஆறு என்றோ வந்திருந்தால்கூட அவன் தப்பு என்று சொல்லியிருக்கலாம். அளந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

நூலளவு பொய் சொல்லத் தெரியாதவர் என்று பெயர் வாங்கியவர். அந்த ஞாயிற்றுக்கிழமைவரை அது சரிதான்.

குழு வந்து பார்க்கும் நாள் குறித்தாயிற்று. ஐந்து பேர். ஒரே ஆளை இருவருடைய கேமராவும் பக்கத்து அறையில் படம் பிடிக்கும். இந்த அறையில் இரண்டு திரை, இரண்டு படம். எது நல்ல படம் என்று குழு சொல்ல வேண்டும். டைரக்டர் இருவரையும் கூப்பிட்டார். "யாராவது சாதாரண ஆள் உக்காந்தா போதும். யாரு, என்ன உடுப்புன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க."

"பேச என்ன சார் இருக்கு?" என்றான் தம்பி. "அத்தானே பாத்துக்கட்டும். அளவு விஷயத்துல அவர் கை வச்சா ஒரு நூல் பிசகாது."

நூலளவு அவன் முகத்தைப் பார்த்தார். கிண்டல் எதுவும் இல்லை, நிஜமாகவேதான் சொல்கிறான். படுபாவி, நம்புகிறானே என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடி போய்விட்டது.

சாயங்காலம் துணிக்கடைக்குப் போனார். சட்டைப்பையில் இரும்பு அளவுகோல். கோடு போட்ட துணியெல்லாம் எடுத்துப் போடச் சொல்லி, ஒவ்வொரு கோட்டையும் அளந்து பார்த்தார். கடைக்காரர், "சார், சட்டை தைக்கவா, சர்வே எடுக்கவா?" என்று கேட்டார். கோடு இரண்டு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக உள்ள ஒரு துணி அகப்பட்டது. அந்த மெல்லிசுக் கோட்டை நிமிர்த்திக் காட்டினால் தன் படத்தில் ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கலாம், தம்பியின் படத்தில் சாம்பல் பூசினாற்போல மங்கிப்போகும் என்று அவருக்குத் தெரியும். மூன்று மீட்டர் வாங்கினார்.

"நீதான் வந்து உக்காரணும்," என்று மனைவியிடம் பொட்டலத்தை நீட்டினார். "இதுல உனக்கு முழுக்கைச் சட்டை தச்சுக்கோ. கோடெல்லாம் நெடுக்கா வரணும்."

"நானா? டிவியிலயா? என்னங்க திடீர்னு!" அவள் துணியைப் பிரித்துப் பார்த்தாள்.

"நெடுக்கா வரணும், கேட்டியா? தோள், கை, எல்லாமே."

"கேட்டுச்சுங்க," என்றாள் அவள். துணியை மிஷின் மேல் வைத்து, கோட்டின்மேல் விரலை ஓடவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வாழ்க்கையில் முதல்தடவையாகப் புருஷன் துணி வாங்கி வந்து தைத்துப் போட்டுக்கொள்ளச் சொல்கிறாரே என்ற சந்தோஷம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டார்.

சோதனை அன்றைக்குக் காலையில் மழை. விடியற்காலையில்தான் தைத்து முடித்த சட்டைமேல் அவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, நேராகப் பக்கத்து அறைக்குள் போய்விட்டாள். இந்த அறையில் குழுவின் ஐந்து பேரும் திரைக்கு முன்னால், தூரம் அளந்து போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தூரத்தை அளந்தவரும் நூலளவுதான். தம்பி சுவரோரம் கைகட்டி நின்றான். விளக்கை அணைத்தார்கள். இரண்டு திரையிலும் வெளிச்சம் வந்தது, உருவம் வந்தது. மனைவி கொஞ்சம் கூச்சத்தோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூலளவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நெஞ்சுப் பகுதியில் அவர் கேட்ட நெடுக்குக் கோடுதான். அவருடைய திரையில் அது சீவிவைத்த மாதிரி கூர்மையாக இருந்தது, தம்பியின் திரையில் கொஞ்சம் மங்கல். ஆனால் தோளில்? கையில்? அங்கே கோடுகள் குறுக்காக ஓடின. நானூற்று ஐம்பத்தைந்து கோட்டுத் திரையில் அவள் தோள் முழுக்க நெளிந்தது. அவள் மூச்சு விட்டால் நெளிந்தது, கையை அசைத்தால் கொதித்தது. பார்க்கிறவர்களுக்குக் கண்ணைத் தேய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. தம்பியின் திரையில் நெடுக்கும் குறுக்கும் ஒரே மாதிரி, கொஞ்சம் மங்கலாக, ஆனால் ஆடாமல் அசையாமல் நின்றன.

"இது என்ன, அம்மா தோள்ல பூச்சி ஊருது?" என்றார் குழுவில் ஒருவர். இன்னொருவர் சிரித்தார். "இந்தப் பக்கம் இருக்கிற படம்தான் பாக்கச் சுகமா இருக்கு. எதுவும் உறுத்தலை," என்றார் மூன்றாமவர். பத்து நிமிஷத்தில் முடிந்துபோயிற்று. ஐந்து பேரும் ஐந்நூற்று முப்பத்தொன்பது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

விளக்கைப் போட்டதும் தம்பி முன்னால் வந்தான். முகமெல்லாம் பூரிப்பு. ஜெயித்ததற்காக என்றுதான் நூலளவு நினைத்தார். ஆனால் அவன் பேசியது வேறு.

"சார், ஒரு விஷயத்தை எல்லாரும் கவனிக்கணும். அந்தச் சட்டை எங்க அத்தான் ஏற்பாடு. முழுக்க நெடுக்குக் கோடா வச்சிருந்தா இன்னைக்கு அவர் ஜெயிச்சிருப்பார். அது அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சே பாதியை நெடுக்காவும் பாதியைக் குறுக்காவும் தைக்கச் சொல்லியிருக்கார். தன் கட்சிக்கு எதிரா இப்படி ஒரு சோதனை வைக்க வேற யாருக்கு மனசு வரும்?"

டைரக்டர் எழுந்து வந்து நூலளவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குழுவும் எழுந்து நின்றது. யாரோ கைதட்டினார்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. அவருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டைரக்டரின் கையைத் திருப்பிக் குலுக்கினார். நாற்காலி போயிற்று, கோடு போயிற்று, சரி. இந்த நல்ல பேரையாவது வேறு யாராவது கொடுத்திருக்கக் கூடாதா? அதையும் அவன் கையாலேயே வாங்கிக்கொள்ள வேண்டுமா? அந்த நேரத்திலும் அவர் மனசு இப்படித்தான் ஓடிற்று.

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி சமையலறையில் இருந்தாள். சட்டை முன்னறைக் கொடியில் தொங்கியது. துணி போதாமல்தான் இப்படிச் செய்திருப்பாள், மூன்றரை மீட்டர் வாங்கியிருக்க வேண்டும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தார். காலில் ஏதோ தட்டியது. மிஷினுக்குக் கீழே இருந்த பெட்டியில், மடிப்புக் கலையாமல், அதே கோடு போட்ட துணி.

எடுத்து விரித்தார். ஆணியில் மாட்டியிருந்த அளவுக் காகிதங்களில் தோளுக்கும் கைக்கும் உரியதைத் தேடி எடுத்து, கோடு நெடுக்காக வரும்படி துணிமேல் வைத்துப் பார்த்தார். தோள் அடங்கியது. இரண்டு கையும் அடங்கின. அதற்கப்புறமும் ஒரு சாண் மிச்சம். இரும்பு அளவுகோலை எடுத்து இன்னொரு தடவை அளந்தார். அவர் அளந்தால் தப்பு வராதே.

அவள் கை துடைத்துக்கொண்டே வந்து வாசற்படியில் நின்றாள். தரையில் விரிந்து கிடந்த துணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"துணி பத்தியிருக்கு," என்றார் அவர்.

"பத்துச்சு."

"நான் ரெண்டு தடவை சொன்னேனே. எல்லாமே நெடுக்கா வரணும்னு."

"ரெண்டாவது தடவை சொன்னப்பதாங்க எனக்குப் புரிஞ்சுது," என்றாள் அவள். "நிமித்திப் பிடிச்சா அத்தான், படுக்க வச்சா நான்னு அவன் இங்க உக்காந்துதானே சொன்னான். நீங்க ஞாயித்துக்கிழமை போட்டிருந்த சட்டையைத் துவைக்க எடுத்தேன், பையில மடிச்ச தாள் ஒண்ணு இருந்துச்சு. உங்க கையெழுத்து. அடியில பத்துக்கு ஏழுன்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருந்தீங்க. தம்பி சொல்ற அதே கணக்கு. எடுத்து அலமாரியில வச்சிருக்கேன்."

அவருக்கு முகம் கறுத்துப்போயிற்று. இருபத்தெட்டு வருஷம், ரேடியோக் கடை, சாயங்கால வகுப்பு, பதினோரு நாள் தேநீர் என்று எல்லாமே தொண்டைவரை வந்தன. வெளியே வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப, உன் தம்பி ஜெயிக்கணும்னு செஞ்சே. அப்படித்தானே?"

அவள் கொடியிலிருந்து சட்டையை எடுத்து, அவர் மடியில் போட்டாள்.

"அவனுக்காகன்னா முழுசாக் குறுக்குல தச்சிருப்பேன்," என்றாள்.